துறைமுகம் வடசென்னையில், தொழிற்சாலை ஒரகடத்தில்: ஏன்?

திருவொற்றியூரிலிருந்து நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "ஆசியான், கொரியா, ஜப்பான் என்று ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகமும் எங்கள் பக்கம்தான். ஆனால் அந்நிய முதலீடு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று மேற்கே போய்விட்டது. நாடுகள் பொருளாதாரத்தில் ஒன்றுசேர்ந்தால் ஊர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு குறையுமா, கூடுமா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தால் வர்த்தகம் கூடுகிறதா? கூடிய வர்த்தகத்தின் பலன் எந்த ஊரில் தங்குகிறது? முதலீடு எங்கே உட்காருகிறது? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அவற்றை ஒன்றாகப் பார்ப்பதால்தான், நாடுகள் ஒன்றுசேர்ந்தால் இடைவெளி குறையும் என்று நீங்கள் பாடத்தில் படித்ததும் மணலி சாலையில் கண்ணால் பார்ப்பதும் ஒத்துவராததுபோலத் தெரிகிறது. சுங்க ஆவண வேலையிலும் வர்த்தகப் பொருளாதாரத்திலும் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். அறிஞர்களுக்குள்ளேயே தீராமல் இருப்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆசியானோடும் கொரியாவோடும் போட்ட ஒப்பந்தங்கள் 2010 ஜனவரி 1 அன்றும், ஜப்பான் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. வரி குறைந்தால் அந்த நாட்டோடு வர்த்தகம் கூடும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் கூடிய வர்த்தகம் முழுவதும் புதிதாகப் பிறந்ததல்ல. பொருளாதார அறிஞர் ஜேக்கப் வைனர் 1950இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். உள்நாட்டில் அதிக விலைக்குச் செய்துகொண்டிருந்த பொருளை மலிவாகச் செய்யும் கூட்டாளி நாட்டிலிருந்து வாங்கினால் அது வர்த்தக உருவாக்கம். இன்னும் மலிவான மூன்றாவது நாட்டை விட்டுவிட்டு, வரிச்சலுகைக்காக மட்டும் கூட்டாளியிடம் வாங்கினால் அது வர்த்தகத் திசைமாற்றம். எந்தப் பொருளில் எது நடந்தது என்பதைப் பொருள்வாரியாகத்தான் பார்க்க முடியும்.

ஊர்வாரியாகப் பார்க்கும்போது இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் சேர்கிறது. ஒரே இறக்குமதி ஓர் ஊரில் லாபமாகவும் பக்கத்து ஊரில் நெருக்கடியாகவும் இறங்கும். மணலி பெட்ரோ கெமிக்கல் வட்டாரத்தில் தயாராகும் பாலியால் என்ற மூலப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கான ஃபோம் செய்பவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ அது மலிவாக வந்தால் நல்லது. அதையே மணலியில் செய்பவர்களுக்கு அது நேரடிப் போட்டி. அடிமாட்டு விலைக்கு வரும் இறக்குமதிமேல் போடப்படும் பொருள்குவிப்புத் தடுப்பு வரியைக் கேட்டு மனுக்கள் போனது அதனால்தான். பழைய, அடிப்படைப் பொருள் செய்யும் தொழில்கள் குவிந்த வட்டாரம் இறக்குமதிப் போட்டியை முதலில் வாங்கிக்கொள்ளும். பொருத்தி முடிக்கும் தொழில்கள் குவிந்த வட்டாரம் மலிவான பாகங்களின் பலனை முதலில் பெறும். வடசென்னை முதல் வகை, ஒரகடம் இரண்டாம் வகை. அங்கே பொருத்தப்படும் காரின் பாகங்கள் இங்கேதான் வந்து இறங்குகின்றன என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

இனி முதலீடு. தொழிற்சாலையை ஓரிடத்தில் குவிக்கும் விசையும் உண்டு, சிதறடிக்கும் விசையும் உண்டு. பெரிய ஆலையில் செய்தால் செலவு குறைவு, பாகம் தருபவர்கள் அருகில் இருந்தால் வசதி, பயிற்சி பெற்ற ஆட்கள் அதே வட்டாரத்தில் கிடைப்பார்கள், இவை குவிப்பவை. நிலத்தின் விலை, கூலி, நெரிசல், தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளர் ஆகியவை சிதறடிப்பவை. எல்லை தாண்டுவதற்கான செலவு மிக அதிகமாக இருக்கும்போது ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு சிறு ஆலை வேண்டியிருக்கும், அதனால் தொழில் சிதறிக் கிடக்கும். செலவு நடுத்தரமாக இறங்கும்போது ஒரே இடத்தில் செய்து எல்லா இடத்துக்கும் அனுப்பலாம், அதனால் குவியும். இன்னும் இறங்கினால் கூலியும் நிலமும் மலிவான இடத்தைத் தேடி மீண்டும் பரவத் தொடங்கும். பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் 1991இல் தொடங்கிவைத்த இந்த வாதத்தின் சாரம், ஒருங்கிணைப்பு ஒரே நேர்கோட்டில் வேலை செய்யாது என்பதுதான். அதனால் "பரவுமா, குவியுமா" என்பதற்கு, நாம் அந்தப் பாதையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மெக்சிகோவைவிடத் தெளிவான உதாரணம் குறைவு. இறக்குமதிக்குத் தடை போட்டு உள்நாட்டுக்காகவே உற்பத்தி செய்த காலத்தில் அந்நாட்டின் தொழில்கள் தலைநகர் மெக்சிகோ சிட்டியைச் சுற்றிக் குவிந்திருந்தன, ஏனென்றால் வாங்குபவர்கள் அங்கே இருந்தார்கள். 1986இல் காட் (GATT) என்ற உலக வர்த்தக உடன்படிக்கையில் சேர்ந்து, 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடாவோடு நாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், வாங்குபவர் அமெரிக்காவில் இருந்தார். தொழில்கள் வடக்கு எல்லைக்கு, மான்டெர்ரே, சியுடாட் ஹுவாரெஸ், திஹுவானா என்று நகர்ந்தன. தலைநகரின் ஆதிக்கம் குறைந்தது என்ற அளவில் அது பரவல். ஆனால் தெற்கே இருந்த சியாபாஸ், ஓஹாக்கா போன்ற மாநிலங்கள் மேலும் பின்தங்கின. பழைய ஏற்றத்தாழ்வு ஒன்று தளர்ந்து, வேறொன்று இறுகியது. கிழக்கு ஐரோப்பாவிலும் இதன் சாயல் உண்டு. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த போலந்தும் ஹங்கேரியும் மேற்கு நாடுகளை நோக்கி ஏறின. ஆனால் அந்த நாடுகளுக்குள்ளே வார்சாவும் புடாபெஸ்டும் தங்கள் கிழக்கு மாவட்டங்களைவிட வெகுவேகமாக ஏறின. நாட்டுக்கு நாடு இடைவெளி குறைவதும் நாட்டுக்குள் இடைவெளி கூடுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். உங்கள் பாடத்தில் வந்தது முதல் பாதி.

நம் பக்கம் கொரிய, ஜப்பானிய முதலீடு ஒப்பந்தத்தால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கால் வைத்து 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. கொரிய ஒப்பந்தம் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. முழுக் காரை இறக்குமதி செய்தால் வரி மிக அதிகம் என்பதால் உள்ளே வந்து செய்தார்கள். இதற்கு வரிச்சுவர் தாண்டும் முதலீடு என்று பெயர். சுவர் குறைந்தால் இந்த வகை முதலீட்டுக்கான காரணம் பலவீனப்படும். மறுபுறம், ஒரு நாட்டைத் தளமாக வைத்துப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் முதலீடு வரி குறையக் குறையப் பலப்படும். ஆகவே ஒப்பந்தத்துக்கும் முதலீட்டுக்கும் உள்ள உறவு ஒரே திசையில் இருக்காது. நம் வட்டாரத்தில் 2010க்குப் பிறகு ஒப்பந்தங்கள் செய்த முக்கியமான வேலை, ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட ஆலைகளுக்குப் பாகங்கள் மலிவாக வர வழி செய்தது. அதனால் ஏற்கெனவே இருந்த குவியல் இன்னும் இறுகியது.

இலங்கையோடு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் இதன் மறுபக்கம் தெரியும். பாமாயில் இறக்குமதிக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் மிகக் குறைவு. எண்ணெயை அங்கே இறக்கி வனஸ்பதியாக மாற்றி வரியில்லாமல் இங்கே அனுப்பினால் லாபம். அதற்காகவே இந்திய முதலீட்டில் அங்கே ஆலைகள் எழுந்தன. இந்தியா அளவுக் கட்டுப்பாடு போட்டு, பிறகு தன் சொந்தப் பாமாயில் வரியையும் குறைத்ததும் அந்த ஆலைகள் இருப்பதற்கான காரணம் கரைந்துபோனது. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி வரும் முதலீடு அந்த வித்தியாசம் உள்ளவரைதான் நிற்கும்.

ஒப்பந்தத்தின் வரி எல்லா ஊருக்கும் ஒன்று. அந்தச் சலுகையை வாங்குவதற்கான செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான விளக்கங்கள் இதை விட்டுவிடுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்ணடியில் ஒரு வியாபாரி தாய்லாந்திலிருந்து 50,00,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கை இறக்குகிறார். வழக்கமான அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,75,000 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சமூகநல மேல்வரி 37,500. ஆக 4,12,500 ரூபாய். ஒப்பந்தத்தில் அந்தப் பொருளுக்கு வரி பூஜ்யம் என்றால் இவ்வளவும் மிச்சம். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 சதவீதம் எப்படியும் கட்ட வேண்டும். சுங்கவரி குறைவதால் அதிலும் 74,250 ரூபாய் குறையும், ஆனால் அது பின்னால் வரவாகத் திரும்பக்கூடிய தொகை என்பதால் கைமுதலில்தான் லாபம். வழக்கமான வரியே 2.5 சதவீதம் என்றால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. அப்போது பலர் சலுகையைக் கோருவதே இல்லை.

சலுகை பெற என்ன வேண்டும்? ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, பொருளின் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறிலக்கச் சுங்க எண்ணும் (பொருளின் வகையைக் குறிக்கும் எண்) முடிந்த பொருளின் ஆறிலக்க எண்ணும் வேறாக இருக்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் உருவானது என்று அனுப்பும் நாட்டின் அதிகாரி தரும் பூர்வீகச் சான்றிதழும் தேவை. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள, இந்தச் சலுகையைக் கோருவதற்கான கரோட்டார் (CAROTAR) என்ற இந்தியச் சுங்க விதிகள் அதோடு விடுவதில்லை. அந்த 35 சதவீதம் எப்படி வந்தது, எந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் 10 வேலைநாளில் தர வேண்டும், ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும். பாங்காக்கில் இருக்கும் விற்பனையாளர், ஒரு பெட்டகம் (கன்டெய்னர்) மட்டும் வாங்கும் மண்ணடி வியாபாரிக்குத் தன் செலவு விவரத்தைக் காட்ட எந்தக் காரணமும் இல்லை. கொரியத் தலைமை நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தன் கிளைக்குக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. விதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பன்னாட்டு நிறுவனங்கள் குவிந்த வட்டாரம் சலுகையை முழுக்க எடுத்துக்கொள்கிறது. தனி வியாபாரிகள் நிறைந்த தம்புச்செட்டித் தெருவும் மண்ணடியும் பாதியில் கைவிடுகின்றன.

கைவிடும் இடங்களும் ஏறத்தாழத் தெரிந்தவைதான். சான்றிதழில் உள்ள ஆறிலக்க எண்ணும் இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் போட்ட எண்ணும் வேறாக இருப்பது முதலாவது. ஒப்பந்த நாடுகளுக்கு அந்த எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும், வகைப்படுத்துவதில் கருத்து வேறுபாடு வரும். சரக்கு தாய்லாந்திலிருந்தும் இன்வாய்ஸ் வேறு நாட்டிலிருந்தும் வந்திருக்க, சான்றிதழில் அதற்கான கட்டத்தைக் குறிக்காமல் விட்டிருப்பது இன்னொன்று. நம் சரக்கில் கணிசமான பங்கு கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறி வருவது. புறப்பட்ட இடத்திலிருந்து இங்கே வரை முழுப் பயணத்துக்கும் கப்பல் கம்பெனி தரும் ஒரே சரக்கு ஆவணம் (தொடர் பில் ஆஃப் லேடிங்) இல்லாவிட்டால், வழியில் பெட்டகம் பிரிக்கப்படவில்லை என்று நிரூபிக்க வேண்டிவரும். சந்தேகம் எழுந்தால் வரி வித்தியாசத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். ஆனால் அந்த உத்தரவாதத்துக்கு முடங்கும் பணமும், துறைமுகத்துக்கு வெளியே உள்ள பெட்டகக் கிடங்கான சி.எஃப்.எஸ்ஸில் பெட்டகம் கிடக்கும் நாளுக்கான வாடகையும், கப்பல் கம்பெனி கேட்கும் தாமதக் கட்டணமும் சேர்ந்து சிறு வியாபாரிக்குக் கிடைத்த சலுகையைத் தின்றுவிடும். சிறியவர்களிடம் நான் எப்போதும் வலியுறுத்துவது, ஆர்டர் கொடுக்கும் முன்பே விற்பனையாளரிடம் பூர்வீக விவரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்பதுதான். சரக்கு கப்பலேறியபின் கேட்டால் கிடைக்காது.

இனி உங்கள் ஊர். துறைமுகத்துக்குப் பக்கம் என்பது தொழிற்சாலைக்கு ஏன் பெரிய ஈர்ப்பாக இல்லை? கார் ஆலை ஒன்றுக்குக் கப்பலைவிட அவசரமானது பாகம் தருபவர். இருக்கை, பம்பர், கண்ணாடி போன்றவை பொருத்தும் வரிசைக்கு ஏற்ப மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்க வேண்டும். கப்பலில் வரும் பாகத்துக்கு வாரக்கணக்கில் இருப்பு வைக்கலாம். ஆகவே ஆலை, பாகம் செய்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்காரப் பெரிய, ஒட்டுமொத்தமான நிலம் வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் அதைத் தந்தது. வடசென்னையில் 1990களிலேயே அப்படிப்பட்ட நிலம் இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் 1960களிலேயே இடம் பிடித்துவிட்டன. எண்ணூரில் அனல்மின் நிலையம், சாம்பல் குட்டை, உப்பளம், கொசஸ்தலையாற்றுக் கழிமுகம். இடையில் நெருக்கமாக மக்கள் வாழும் தெருக்கள். பழைய தொழில்களின் மேல் புதியது ஏற இடம் கிடைக்கவில்லை. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது அதன் நிலம் தொழிலுக்குத் திரும்பவில்லை.

இதனால் ஒருங்கிணைப்பின் இரண்டு பாதிகள் இரண்டு ஊர்களில் இறங்கின. சம்பளம், பயிற்சி, துணைத்தொழில் ஆகியவை ஆலை இருக்கும் இடத்தில். டிரெய்லர் வரிசை, தூசி, சாலைச் சிதைவு ஆகியவை துறைமுகம் இருக்கும் இடத்தில். ஒரகடத்திலிருந்து வரும் பெட்டகம் மாதவரம், மணலி, எண்ணூர் விரைவுச்சாலை என்று சுற்றி வந்து துறைமுக வாசலில் காத்திருக்கும். மதுரவாயல்–துறைமுகம் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் பணி நின்று, 2022இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடைவெளி முழுக்கக் காத்திருப்பின் செலவைத் தாங்கியது உங்கள் தெரு. நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலிருந்து நீதிமன்ற உத்தரவால் 2011இல் எண்ணூருக்குப் போனபோது ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் ஏற்றுக்கொண்டது. வர்த்தகப் புள்ளிவிவரத்தில் இதற்கெல்லாம் தனிப் பத்தி கிடையாது. எனக்கு இது சாதாரண விட்டுப்போதலாகத் தெரியவில்லை. ஒருங்கிணைப்பின் செலவைத் தாங்குபவர்கள் கணக்கில் வராவிட்டால் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற பேச்சே எழாது. ஐரோப்பா இதை ஓரளவு உணர்ந்து, பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியை 1975இலேயே தொடங்கியது. நம் வர்த்தக ஒப்பந்தங்களில் வட்டாரத்துக்கு ஈடு செய்யும் ஏற்பாடு எதுவும் இணைக்கப்படவில்லை.

உங்களுக்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டியதும் ஸ்ரீசிட்டி இருக்கிறது. அதையும் கவனியுங்கள். தடாவுக்குப் பக்கத்தில், எண்ணூர் துறைமுகத்துக்கு எட்டும் தூரத்தில், ஜப்பானிய ஆலைகள் பல அங்கே இருக்கின்றன. அதே துறைமுகம், அதே ஒப்பந்தம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நிலமும் சலுகையும் கிடைத்தன. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து 2 சதவீத மத்திய விற்பனை வரியும் எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போனபின், அந்தப் பக்கம் இருப்பதற்கான செலவு இன்னும் குறைந்தது. உள்நாட்டு ஒருங்கிணைப்பும் வட்டாரங்களை மாற்றி அடுக்கும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைக்காது.

தீராமல் இருப்பவையும் உண்டு. எல்லை என்பதே வர்த்தகத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதில் மதிப்பீடுகள் பெரிதாக வேறுபடுகின்றன. கனடாவின் மாகாணங்கள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம், அதே அளவும் தூரமும் உள்ள அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிட ஏறக்குறைய 20 மடங்கு என்று பொருளாதார அறிஞர் மெக்கல்லம் 1995இல் கணக்கிட்டார். பின்வந்தவர்கள் முறையைத் திருத்தி அதை வெகுவாகக் குறைத்தார்கள். ஒப்பந்தம் முதலீட்டைக் கொண்டுவந்ததா, அல்லது முதலீடு செய்தவர்கள் கேட்டு ஒப்பந்தம் வந்ததா என்று பிரித்தறிவதும் கடினம். முதலீட்டுப் புள்ளிவிவரம் ஆலையைவிடப் பதிவு அலுவலகத்தைத்தான் காட்டும். மும்பையில் பதிவான நிறுவனம் ஒரகடத்தில் ஆலை கட்டினாலும் பணம் மகாராஷ்டிரக் கணக்கில் விழலாம். 2019 அக்டோபருக்கு முன்பு மாநிலவாரிப் பிரிவே கிடையாது, ரிசர்வ் வங்கி வட்டார அலுவலகவாரியாகத்தான் இருந்தது. ஆகவே பழைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட்டு வரும் வரைபடங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஏற்றுமதிக்கு நிலைமை கொஞ்சம் மேல். 2020 முதல், ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் சரக்கு உருவான மாவட்டத்தையும், எந்த ஒப்பந்தத்தின் கீழ் போகிறது என்பதையும் குறிக்க வேண்டும். வாங்கி விற்கும் ஏற்றுமதியாளர்கள் தங்கள் அலுவலக மாவட்டத்தைப் போட்டுவிடும் பிழை அதில் உண்டு. சென்னை மாவட்டத்தின் எண் அதனால் வீங்கியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே திருவள்ளூர், காஞ்சிபுரம் எண்களைப் படியுங்கள்.

எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை கட்டப்படும் எல்லைச் சுற்றுச்சாலை முடிந்தால் வடசென்னைக்கு ஆலை வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாலை இரு பக்கமும் ஓடும். ஒரகடத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே மணிக்கணக்கு குறைந்தால், இருக்கிற ஆலைக்கு அங்கேயே இருப்பது இன்னும் சுலபமாகும். அதே சாலை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் புதிய ஆலையையும் இழுக்கலாம். எது நடக்கிறது என்பதை அறிவிப்புகளில் தேடாதீர்கள். அந்தப் பக்கம் பாகம் செய்யும் முதல்நிலை சப்ளையர்களுக்கு ஒட்டினாற்போல நிலம் ஒதுக்கப்படுகிறதா, எத்தனை பேர் உண்மையில் கட்டடம் எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் பெரிய ஆலையைச் சுற்றிச் சப்ளையர்கள் வந்து அமர்ந்த பிறகுதான் அந்த இடம் நிலைத்தது.